45 நொடி நிற்கும் நாதம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்ட் வார்டன் என்ற பழைய ராணுவக் கோட்டை இருக்கிறது. அங்கே தரைக்கடியில், சுமார் 75 லட்சம் லிட்டர் கொள்ளும் கான்கிரீட் தண்ணீர்த் தொட்டி ஒன்று உண்டு. காலியாகக் கிடந்த அந்தத் தொட்டிக்குள் 1988 அக்டோபரில் மூன்று இசைக்கலைஞர்கள் இறங்கினார்கள். பாலின் ஆலிவெரோஸ் கையில் அக்கார்டியன். ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டரிடம் டிராம்போனும், ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் நீண்ட மரக்குழலான டிட்ஜெரிடூவும். மூன்றாமவர் பனயோடிஸ், பாடகர்.

எழுதிவைத்த இசை எதுவும் கிடையாது, முழுக்க மனோதர்மம்தான். ஆனால் அந்தத் தொட்டியில் எழும் ஒலி அடங்க 45 நொடி ஆகும்! ஒரு ஸ்வரம் தேய்வதற்குள் அடுத்த ஸ்வரம் அதன்மேல் வந்து படியும். அவசரப்பட்டால் எல்லாம் கலங்கி வெறும் இரைச்சலாகிவிடும். அதனால் ஒருவர் ஒரு ஸ்வரத்தை நீளமாக இழுத்துவிட்டு நிறுத்துவார். அது சுவர்களிலும் தூண்களிலும் பட்டுத் திரும்புவதைக் கேட்ட பிறகே மற்றவர் சேர்ந்துகொள்வார். எது இப்போது வாசித்தது, எது எதிரொலி என்று பிரிக்கவே முடியாது. மூன்றே பேர், பெரிய குழு போல ஒலிக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தத் தொட்டிதான் நான்காவது கலைஞர்.

அன்று அங்கே பதிவு செய்த இசை 1989-இல் 'டீப் லிஸனிங்' என்ற ஆல்பமாக வந்தது. கிடைத்தால் செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ஹெட்ஃபோன் மாட்டி, வேலையில்லாத ஒரு நேரத்தில் முழுதாகக் கேளுங்கள்.