சிறுவர் நாவலில் இழவும் ஆற்றுதலும்

அழுகை என்னும் மெய்ப்பாடு பிறத்தற்குரிய நான்கு நிலைக்களன்களுள் இழவும் ஒன்றெனத் தொல்காப்பியர் கூறுவர். பெரியோர்க்கு இழவு நேரின் ஊர் கூடி ஆற்றும். பத்து வயதுச் சிறுவன் தன் தோழியை இழப்பின், "விளையாட்டுப் பிள்ளை, நாளை மறந்துவிடுவான்" என்று கூறி அமைதலே பலர்க்கும் வழக்கம். அவ்வெண்ணம் பிழையென்பதைக் காட்டும் நூல்களுள் ஒன்று, 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'தெரபித்தியாவுக்குப் பாலம்' என்னும் சிறுவர் நாவலாகும். கதரின் பற்றேர்சன் அம்மையார் இயற்றிய இந்நூல் 1978இல் நியூபெரிப் பதக்கம் பெற்றது.

நூல் பிறந்த வரலாறும் துயர் தோய்ந்ததே. 1974இல் ஆசிரியையின் மகனுக்கு உற்ற தோழியாயிருந்த சிறுமி மின்னல் தாக்கி இறந்தாள். எட்டு வயது மகனின் துயரத்துக்குப் பொருள் காண முயன்ற தாயின் எழுத்தே நாவலாயிற்று. அம்மகனே வளர்ந்து, 2007இல் வெளிவந்த திரைப்படத்தின் திரைக்கதையை எழுதிய இருவருள் ஒருவராயினார்.

கதை வேர்ஜீனியா நாட்டுப்புறத்தில் நிகழ்வது. ஜெஸ் என்பான் வறிய குடும்பத்தில் நான்கு சகோதரிகளுக்கிடையே பிறந்த ஒரே ஆண்மகன். ஓட்டத்தில் தன்னை வென்ற லெஸ்லி என்னும் சிறுமியுடன் அவன் நட்புப் பூணுகிறான். இருவரும் கயிறொன்றைப் பற்றி ஓடையைத் தாண்டி, அப்பாலுள்ள காட்டில் தெரபித்தியா என்னும் கற்பனை அரசை அமைக்கின்றனர். ஒருநாள் ஜெஸ் தன் சங்கீத ஆசிரியையுடன் வாஷிங்டன் நகரத்து ஓவியக்கூடத்தைக் காணச் சென்றிருந்தபோது, கயிறு அறுந்து லெஸ்லி ஓடையில் வீழ்ந்து இறக்கிறாள்.

இதன் பின்னரே நூலின் சிறப்புப் புலனாகின்றது. ஜெஸ் உடனே அழுதானல்லன். செய்தியையே நம்ப மறுக்கிறான். வகுப்பில் இனித் தானே விரைந்தோடுபவன் என்ற எண்ணம் அவன் உள்ளத்திற் குறுக்கிடுகின்றது. லெஸ்லியையும் உடன் அழைத்துச் சென்றிருக்கலாமே என்ற குற்றவுணர்வு வருத்துகின்றது. வினாவிய தங்கையை அறைகிறான். லெஸ்லி பரிசளித்த வண்ணங்களை ஓடையில் எறிகிறான். பிள்ளைகளின் துயரம் கண்ணீராகவே வெளிப்படும் என்பதில்லை. சினமாகவும் முரட்டுத்தனமாகவும் வெளிப்படலாம். இதனை அறியாதார் ஒறுப்பர், அறிந்தார் அணைப்பர். அதுவரை கடுமையாயிருந்த தந்தை அவனைப் பின்தொடர்ந்து சென்று மடியில் இருத்திக்கொள்ளும் இடம் நெஞ்சை உருக்குவது.

மாணவர் அஞ்சிய வகுப்பாசிரியை செய்வதும் ஆசிரியர்கள் கருதத்தக்கது. தம் கணவர் இறந்தபோது பிறர் தம்மை மறக்கச் சொன்னதையும், தாம் மறக்க விரும்பாததையும் அவர் ஜெஸிடம் கூறுகிறார். மறக்கச் சொல்லுதல் ஆறுதலன்று. உடனிருந்து நினைத்தலே ஆறுதல் என்பது இதனாற் பெறப்படும்.

இறுதியில் ஜெஸ் ஓடைக்குக் குறுக்கே பலகைகளால் பாலம் அமைத்துத் தன் தங்கையைத் தெரபித்தியாவின் அரசியாக்குகிறான். லெஸ்லி தனக்களித்ததைப் பிறர்க்கு அளித்தலே அவன் கண்ட வழி.

சாவைப் பேசும் இத்தகைய நூல் சிறுவர்க்கு ஆகாதெனத் தடுத்தாரும் அமெரிக்காவில் உளர். ஆயின் சாவு பிள்ளைகளின் வயதை நோக்கி வருவதன்று. அது வந்தபோது துணையாக நிற்கத்தக்க நூலொன்று பள்ளி நூல்நிலையத்தில் இருத்தல் நன்று. அதனினும் நன்று, அருகமர்ந்து அப்பிள்ளை சொல்வதைக் கேட்கும் பெரியவர் ஒருவர் இருத்தல்.