செய்தி, கச்சேரி, நாடகம், நெல் விதை... எல்லாம் ஒரே ஸ்டேஷனில்! வானொலியின் ‘கதம்ப’ நாள் எப்படி இயங்கியது?

பட்டுத் தறியில் உட்கார்ந்தவருக்குக் கால் மிதியில், கை நாடாவில், கண் பாவில். சும்மா இருப்பது காது மட்டும்தான். காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையம் மாதிரியான நெசவாளர் தெருக்களில் தறிச் சத்தத்தோடு பாட்டும் சேர்ந்து கேட்பது அதனால்தான். இன்று அந்தப் பாட்டு செல்போனிலிருந்து வருகிறது. ஒரு காலத்தில் ரேடியோவிலிருந்து வந்தது.

ரெண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. போனில் நாம் கேட்டதையொட்டியே அடுத்ததும் வரும். ரேடியோவில் பிடித்த பாட்டுக்காகக் காத்திருக்கும்போது, நாம் கேட்காத செய்தியும், புரியாத ராகமும், யாரோ ஒரு விவசாயியின் சந்தேகமும் காதில் விழும். இது தற்செயலாக நடந்ததல்ல. திட்டம் போட்டு செய்தது.

லண்டனில் பிறந்த ஐடியா

பிபிசியின் முதல் தலைமை இயக்குநர் ஜான் ரீத். தகவல், கல்வி, பொழுதுபோக்கு மூன்றும் ஒரே அலைவரிசையில் கலந்து வர வேண்டும் என்பது அவர் கொள்கை. நடனப் பாட்டு கேட்க வந்தவர் அப்படியே சிம்பொனியையும் கேட்டுவிட்டுப் போகட்டும் என்ற கணக்கு.

அடுத்த தலைமுறையில் இது மூன்று அலைவரிசைகளாகப் பிரிந்தது. செய்தி, நாடகம், பள்ளிப் பாடங்களுக்கு ‘ஹோம் சர்வீஸ்’. 1945-ல் ஜாலியான நிகழ்ச்சிகளுக்கு ‘லைட் புரோகிராம்’. 1946-ல் தீவிர இசை, இலக்கியத்துக்கு ‘தேர்ட் புரோகிராம்’. பிரிந்த பிறகும் கதம்பம் குறையவில்லை. பெண்களுக்கான ‘உமன்ஸ் அவர்’ 1946-ல் வந்தது. கிராமத்து மக்களின் கதையோடு விவசாயத் தகவலையும் சேர்த்துத் தந்த ‘தி ஆர்ச்சர்ஸ்’ தொடர் 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுக்க ஒலித்தது.

இதில் நம்ம தறிக்காரர்களுக்கு நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் நடந்த 1940-ல் தொடங்கிய ‘மியூசிக் வைல் யூ ஒர்க்’. தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் சோர்ந்துபோகாமல் இருக்க, சீரான தாளத்தில் அரை மணி நேரம் இடைவிடாத இசை. கை வேலையில் இருப்பவரின் காதுக்கென்றே ஒரு நிகழ்ச்சி!

சென்னைக்கு எப்படி வந்தது?

தமிழ்நாட்டில் வானொலி ஆசையைத் தொடங்கி வைத்தது அரசாங்கம் இல்லை. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்தான் முன்னோடி. பணம் போதாமல் அது நின்றுபோக, சென்னை மாநகராட்சி 1930-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது.

1935-ல் பிபிசியிலிருந்து லயனல் ஃபீல்டன் இந்திய ஒலிபரப்பின் தலைவராக வந்தார். மறு வருடம் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயரும் வந்தது. 1938 ஜூன் 16-ல் சென்னை நிலையமும், 1939 மே மாதம் திருச்சி நிலையமும் பிறந்தன. ரீத்தின் கதம்பம் இங்கே நம்ம ஊர்ப் பூக்களால் கட்டப்பட்டது.

காலையில் மங்கள இசை. பிறகு செய்தி. பகலில் மாதர் நிகழ்ச்சி, பள்ளிகளுக்கான ஒலிபரப்பு. மாலையில் கிராமத்தாருக்கான பேச்சு, வானிலை. ராத்திரி நாடகம் அல்லது கச்சேரி. இந்த வானிலை அறிக்கை நெசவாளருக்கு முக்கியம். மழை வந்தால் தெருவில் பாவு நீட்டிப் போட முடியாது. தறிக் குழியில் தண்ணீர் ஊறிவிட்டால் அன்றைக்கு வேலை காலி.

வீட்டுக்கு வீடு செட் கிடையாது. செட் வைத்திருந்தால் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் டீக்கடை, படிப்பகம், பூங்கா ஒலிபெருக்கி என்று கூட்டமாகக் கேட்ட ஊர்கள் பல.

காஞ்சிபுரத்துக் குரல்

கச்சேரி கேட்க சபாவுக்குப் போக முடியாதவருக்கும் கச்சேரி கிடைத்தது வானொலியால்தான். காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள் சிறுமியாக இருந்தபோதே சென்னை மாநகராட்சி வானொலியில் பாடியவர். குடும்பப் பெண்கள் மேடையேறுவதையே தப்பாகப் பேசிய காலம் அது. நாடு விடுதலை பெற்றபோது, 1947 ஆகஸ்ட் 15 அன்று, சென்னை வானொலியில் பாரதியார் பாடல்களைப் பாடியதும் அவர்தான்.

விவசாயத்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 1960-களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகத்தைத் திருச்சி வானொலி தஞ்சை விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தது. அவர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’!

அப்புறம் ஏன் ‘சிலோன் வை’ என்றார்கள்?

இங்கேதான் கதம்பத்தின் இன்னொரு பக்கம். எதைக் கலப்பது என்று முடிவு செய்பவர் தன் ரசனையைத் திணித்தால்?

1952-ல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய காணாமல் போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1950-ல் தொடங்கிய அதன் வர்த்தக ஒலிபரப்பு, மயில்வாகனன் போன்ற அறிவிப்பாளர்களின் குரலோடு தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தது. கடைசியில் அரசு இறங்கி வந்தது. 1957 அக்டோபரில் விவித் பாரதி தொடங்கியது.

பிரிட்டனிலும் இதே கதைதான். பிபிசி ஞாயிற்றுக்கிழமைகளை ரொம்ப சீரியஸாக வைத்திருந்ததால் கேட்பவர்கள் ரேடியோ லக்சம்பர்க் பக்கம் போனார்கள். 1964-ல் கடலில் கப்பலிலிருந்து ‘ரேடியோ கரோலின்’ பாப் பாட்டு போட ஆரம்பித்தது. 1967-ல் பிபிசி தானே பாப் பாட்டுக்காக ‘ரேடியோ 1’ தொடங்கியது. நல்லது என்று யாரோ முடிவு செய்து ஊட்டினால் மட்டும் போதாது, கேட்பவருக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பது இரண்டு நாடுகளும் கற்ற பாடம்.

இன்றைக்கு இதெல்லாம் எதற்கு?

இன்று கேட்பவரே எல்லாவற்றையும் முடிவு செய்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நேற்று கேட்டதை வைத்து அல்காரிதம் முடிவு செய்கிறது. கேஸ்கர் ஒரே ரசனையை எல்லோருக்கும் கொடுத்தார். அல்காரிதம் ஒவ்வொருவரையும் அவரவர் பழைய ரசனைக்குள்ளேயே உட்கார வைக்கிறது. பட்டம்மாளைத் தேடாதவருக்குப் பட்டம்மாள் வரவே மாட்டார். நெல் தேடாத ஐ.டி. ஊழியருக்கு விவசாயியின் கவலை எட்டாது.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன சோதனை. ஆகாஷவாணியின் நேரலை இப்போது செல்போன் ஆப்பிலேயே கிடைக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு வேலையோடு, சேனல் மாற்றாமல் அரை நாள் ஓடவிட்டுப் பாருங்கள். பாதி போர் அடிக்கலாம். ஆனால் நீங்கள் தேடியே இருக்காத ஏதாவது ஒன்று சட்டென்று காதை நிறுத்தும். தறிக்குழியில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தினமும் நடந்தது.