விளக்கு உடைந்ததா? வண்டியின் முன்பக்க ஷாக்கைப் பாருங்கள்!

கார்த்திகை நெருங்கிவிட்டால் எங்கள் பக்கம் யாருக்கும் சரியான தூக்கம் கிடையாது. விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையிலிருந்து அகல் விளக்குகளை வைக்கோல் வைத்து அடுக்கி, ஊர் ஊராக அனுப்பியாக வேண்டும். நல்லூரில் மினி டிரக் ஓட்டும் என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் நாலு காசு பார்க்கும் காலம்.

போன வருஷம் ஒரே நடையில் இரண்டு பெட்டி விளக்குகள் நொறுங்கிவிட்டன. "ரோடு மோசம்ணே" என்றேன். கடைக்காரர் விடவில்லை. "அதே ரோட்டுலதானே தம்பி மத்த வண்டியும் வருது?"

வீட்டுக்கு வந்து முன்சக்கரத்தின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஷாக் முழுக்க எண்ணெய் கசிந்து, அதன் மேல் புழுதி அப்பியிருந்தது.

அப்படி என்ன வேலை அதற்கு?

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங் தானாக நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக். உள்ளே இருக்கும் எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியாகத் திணறிப் போகும்போது, ஆட்டம் வெப்பமாக மாறி அடங்கிவிடுகிறது.

டாடா ஏஸ் போன்ற வண்டிகளில் முன்பக்கம் பட்டை ஸ்பிரிங். மாருதி சூப்பர் கேரி போன்றவற்றில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த 'ஸ்ட்ரட்'. அமெரிக்க இன்ஜினியர் மெக்பர்சன் வடிவமைத்தது இது. 1950இல் இங்கிலாந்தில் அறிமுகமான ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களிலேயே வந்துவிட்டது.

ஸ்ட்ரட் தேய்ந்தால் பிரேக் போடும்போது மூக்கு குப்புறக் கவிழும், டயர் மேடு பள்ளமாகத் தேயும், பள்ளத்தில் 'டக் டக்' சத்தம் கேட்கும். முன்பக்க மூலையை அழுத்திவிட்டுப் பாருங்கள். இரண்டு தடவைக்கு மேல் ஆடினால் சந்தேகமே வேண்டாம். விளக்கு உடைந்தால் காசுதான் போகும். டயர் ரோட்டைப் பிடிக்காமல், வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காவிட்டால் உயிரே போகும்.

நாமே மாற்றலாமா?

மாற்றலாம். ஆனால் நான் முதலில் போனது தெரிந்த மெக்கானிக்கிடம். அவர் சொன்னது இதுதான்: "கழட்டி மாட்டுங்க தம்பி. ஸ்பிரிங்ல மட்டும் கை வைக்காதீங்க."

லோடு இல்லாத வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, பிறகு ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, இரும்பு ஸ்டாண்டு கட்டாயம். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுக்கவே கூடாது. சூளை ஊர்க்காரர்களுக்குத் தெரியும், சுட்ட மண் பாரம் தாங்கும், ஆனால் உடையும்போது சொல்லிவிட்டு உடையாது.

சக்கரத்தைக் கழற்றி, ஸ்ட்ரட்டோடு பிணைந்த பிரேக் ஹோஸை விடுவியுங்கள். கீழே உள்ள இரண்டு போல்ட்டுகள் இருந்த இடத்தை பெயிண்டால் குறித்துக்கொள்ளுங்கள். சக்கரம் மாட்டும் பாகம் ஹோஸில் தொங்காதபடி கயிற்றால் கட்டிவிட்டு, அந்தப் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். கடைசியாக மேலே பாடியோடு பிடித்திருக்கும் நட்டுகள். அப்போது இன்னொருவர் ஸ்ட்ரட்டைக் கீழே தாங்கிப் பிடிக்க வேண்டும். என் வீட்டில் அந்த வேலை மனைவிக்கு!

மேலே நடுவில் இருக்கும் பெரிய நட்டைத் தொடவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங்கை அதுதான் கட்டிவைத்திருக்கிறது. கழற்றினால் ஸ்பிரிங் பீரங்கிக் குண்டு மாதிரி பாயும். ஸ்பிரிங்கோடு சேர்ந்த முழு செட்டாக வாங்கி மாட்டுங்கள். கிடைக்காவிட்டால், கழற்றிய ஸ்ட்ரட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஸ்பிரிங்கை அழுத்தும் கருவியில் வைத்து மாற்றி வாங்குங்கள். நான் செய்தது அதைத்தான். மேல் பேரிங்கையும் ரப்பரையும் அப்போதே புதிதாகப் போட்டுவிட்டேன்.

மாட்டும்போது எல்லா நட்டையும் முதலில் கையால் ஏற்றி, பிறகு வண்டியின் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ஒரு பக்கம் போயிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வேலை முடிந்ததும் நேராக வீல் அலைன்மென்ட். நூறு கிலோமீட்டர் ஓட்டியபின் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தது, பட்டறைக்குப் போய்வந்த நேரத்தையும் சேர்த்து, சாயங்காலம்தான் முடிந்தது. அடுத்த வாரம் அதே கடைக்கு லோடு போனேன். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தவர், ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தார். கிளம்பும்போது மட்டும் கேட்டார்: "ரோடு போட்டுட்டாங்களா தம்பி?"