குருதியமுக்க மருந்தும் காலந்தாழ்த்து வரும் வீக்கமும்

பல்லாண்டுகளாக ஒரே குளிசையை நாள்தோறும் உட்கொண்டுவரும் ஒருவர், ஒருநாட் காலை உதடும் நாவும் பருத்த நிலையில் விழித்தெழுகின்றார். முதல்நாள் உண்ட இறாலையோ நண்டையோ வீட்டார் குறைகூறுவர். நெடுங்காலம் பழகிய குளிசையை ஐயுறுவார் இலர். ஆயினும் அது எனலாபிறில், லிசினோபிறில், ராமிபிறில் என்னும் இனத்தைச் சார்ந்ததாயின், முதலில் ஐயுறத்தக்கது அக்குளிசையேயாம்.

இதன் காரணத்தை அறிதற்குப் பிறேசில் நாட்டை நோக்குதல் வேண்டும். 1948ஆம் ஆண்டிற் சாவோ பவுலோ நகரில் ரொச்சா ஈ சில்வாவும் அவர்தம் துணைவரும், சராராக்கா என்னும் விரியனின் நஞ்சை நாயின் குருதியுடன் சேர்த்து ஆராய்ந்தபோது, அமுக்கத்தைத் தாழ்த்தும் பொருளொன்று தோன்றக் கண்டனர். குடற்றசையை அது மெல்ல மெல்லச் சுருக்கியமையால், மெதுவான இயக்கம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'பிறடிகைனின்' எனப் பெயரிட்டனர். 1965இற் பெரெய்ரா என்பார், அந்நஞ்சிலேயே பிறடிகைனினின் ஆற்றலைப் பெருக்கும் கூறு உளதென வெளியிட்டார். பின்னர் ஆராய்ந்தோர், அது ஒரு நொதியத்தைத் தடுப்பது எனக் கண்டனர். அந்நொதியத்துக்குத் தொழில் இரண்டு: குருதிக்குழாயைச் சுருக்கும் அஞ்சியோதென்சினை ஆக்குதல் ஒன்று, விரிக்கும் பிறடிகைனினைச் சிதைத்தல் மற்றொன்று. இவ்வழியே தோன்றிய கப்ரோபிறில் 1981இல் அமெரிக்காவில் வழக்குக்கு வந்தது.

நலமும் தீங்கும் ஒரே மூலத்திற் பிறந்தன என்பதே ஈண்டு வியப்பு. நொதியம் தடைப்பட அமுக்கம் தாழும். சிதையாத பிறடிகைனினோ திரளும். அது மிகுந்தவிடத்து மயிர்க்குழாய்கள் நீரைக் கசியவிட, முகமும் நாவும் வீங்கும். ஆகவே இவ்வீக்கம் ஒவ்வாமைபோலத் தோன்றினும் ஒவ்வாமையன்று. அரிப்பில்லை, தோலிற் தடிப்புமில்லை. ஒவ்வாமைக்கு வழங்கும் மருந்துகள் இதற்குப் பெரும்பாலும் பயன்படாமையும் இதனாலேயாம்.

ஆயிரவருள் ஒருவர் முதல் எழுவர் வரையிலேயே இவ்வீக்கம் காண்பர். ஆபிரிக்க வழியினரிடத்து மிகுதி. பலருக்கு முதல் வாரங்களிலும் சிலருக்கு ஆண்டுகள் கழிந்தபின்னும் தோன்றும். சிலவேளை குடலே வீங்கிக் கடும் வயிற்றுவலியாகவும் வெளிப்படும். குரல்வளை வீங்கின் மூச்சடைத்து உயிர்க்கு ஊறாகும். அந்நிலையில் வைத்தியசாலைக்கு உடனே செல்லாது வீட்டிற் காத்திருத்தல் பேதைமை.

பெரும்பாலும் வீக்கம் ஓரிரு நாளில் தானே வடிந்துவிடும். வடிந்தது கண்டு, குளிசையில் ஐயமின்றி அதனைத் தொடர்வோர் உளர். அவர்க்கு அது மீண்டும் வரும், முன்னையினும் கடுமையாகவும் வரலாம். வைத்தியர் அவ்வினத்தை முற்றாக விலக்கி, வேறினத்து மருந்தொன்றைத் தருவர். விலக்கிய பின்னருங்கூடச் சில வாரங்கள் வரை வீக்கம் தலைகாட்டுதல் உண்டு.