காசோலை திரும்பினால் மோசடியா?

பந்திங்கில் கட்டுமானப் பொருள் கடை வைத்திருக்கிறேன். ஒரு குத்தகையாளர் கொடுத்த 18,000 ரிங்கிட் காசோலை, கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்தது. கோபத்தோடு போலீசில் புகார் செய்தேன்.

விசாரணை அதிகாரி கேட்டது ஒன்றுதான்: சரக்கை இறக்கியது எப்போது, காசோலை வாங்கியது எப்போது? சிமெண்டும் கம்பியும் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் காசோலை கைக்கு வந்தது. அதை நம்பி நான் எதையும் கொடுக்கவில்லையே!

தண்டனைச் சட்டம் 415-வது பிரிவு கேட்பது அதைத்தான். ஏமாற்றி, அந்த ஏமாற்றத்தாலேயே பொருளை வாங்கியிருக்க வேண்டும். கொடுக்கும்போதே பணம் தரும் எண்ணம் இல்லை என்பதை அரசுத் தரப்பு சந்தேகத்திற்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். கணக்கு முன்பே மூடப்பட்டது என்று வங்கி அதிகாரி சாட்சி சொன்னால் வழக்கு வலுப்பெறும். அடுத்த மாதத் தேதி போட்ட காசோலை என்றால், “அதற்குள் பணம் வந்துவிடும் என்று நம்பினேன்” என்பார் எதிரி. 420-வது பிரிவில் பத்தாண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு; சும்மா தண்டிப்பார்களா?

இந்தியாவில் 138-வது பிரிவு இருக்கிறது. நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டாலே குற்றம். மோசடி எண்ணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. இங்கே அப்படி இல்லை.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிவில் வழக்குப் போட்டிருக்கிறேன். இப்போதெல்லாம் காசோலை வங்கியில் தேறிய பிறகுதான் லாரி கிளம்புகிறது.