கடைப் பூனையின் காலும் கண்டி டொக்டரின் பில்லும்

பதுளையில் சில்லறைக் கடை வைத்திருப்பவனுக்குப் பூனையின் அருமை தெரியும். எலி அரிசி மூட்டையில் ஓட்டை போட்டால் நட்டம் நமக்குத்தானே. 2023ஆம் ஆண்டு ஒரு நாள், சாமான் இறக்க வந்த லொறி பின்னுக்கு எடுத்தபோது எங்கள் கடைப் பூனையின் பின்னங்கால் சிக்கித் தொடையெலும்பு முறிந்தது. கடைப் பையன் பனடோல் கரைத்துக் கொடுக்கப் போனான். பக்கத்துக் கடை நானா ஓடிவந்து தடுத்தார். நமக்கு நோவு தீர்க்கும் அந்த மாத்திரை பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே உயிரைக் குடித்துவிடும்.

இங்குள்ள மிருக வைத்தியருக்குத் தோட்டங்களின் கறவை மாடுகளைப் பார்க்கவே நேரம் போதாது. அவர் கண்டியிலுள்ள ஒரு தனியார் வைத்தியரிடம் அனுப்பினார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினால் போதாதா என்று அவரிடம் கேட்டேன். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு மூட்டுகளும் அசையாமல் இருந்தால்தான் கட்டு பயன்படுமாம். தொடைக்கு மேலே இருப்பது இடுப்பு மூட்டு. அதைக் கட்டி நிறுத்துவது எப்படி? எலும்புக்குள் கம்பி செலுத்தலாம். ஆனால் கம்பி வளைவைத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. ஆகவே தகடும் திருகாணியும் வைத்தார். பூனையின் தொடையெலும்பு ஒரு பென்சில் தடிப்புத்தான். திருகாணியின் தடிப்பு அதில் பத்தில் நான்கு பங்கைத் தாண்டினால் எலும்பு அந்த இடத்திலேயே வெடித்துவிடும்.

பில்லைப் பார்த்ததும் வியாபாரப் புத்தி விடவில்லை, பேரம் பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே அலுமாரியைத் திறந்து காட்டினார். அளவளவாகத் தகடுகள், திருகாணிகள். செருப்புக் கடைக்காரர்களுக்கு இது புரியும். வாடிக்கையாளருக்கு வேண்டியது ஒரு சோடி. கடையிலோ எல்லா அளவும் இருக்க வேண்டும். எல்லாம் டொலருக்கு வாங்கிய சரக்கு. 2022இல் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐத் தொட்டது நமக்கு மறக்குமா? இங்கே பதுளையில் மாதத்துக்கு எத்தனை பூனைக்குத் தொடை முறியும்? அந்த அலுமாரி கண்டியில் இருப்பதன் கணக்கு அப்போதுதான் விளங்கியது.

அந்தத் தகடுகளின் பூர்வீகத்தைத் தேடியபோது நம்மைப் போன்ற ஒரு சிறு முதலாளி அகப்பட்டார். சுவிட்சர்லாந்தின் பெட்லாக் என்ற ஊரில் 1946இல் பட்டறை தொடங்கிய ரொபர்ட் மாதிஸ். துருப்பிடிக்காத உருக்கில் வேலை செய்யத் தெரிந்தவர். மொரிஸ் முல்லர் என்ற எலும்பு நிபுணர் 1958இல் அவரைத் தேடிப் போய்த் தகடும் திருகாணியும் செய்யச் சொன்னார். அதே ஆண்டு முல்லர் உட்பட 13 பேர் சேர்ந்து ஏ.ஓ. என்ற அமைப்பைத் தொடங்கினர். 1960 முதல் டாவோஸ் நகரில் வைத்தியர்களுக்குக் கைப்பயிற்சி நடந்தது. 1969இல் மிருக வைத்தியர்களுக்கும் தனிப் பிரிவு வந்தது. பேராதனையில் பட்டம் பெற்று வரும் மிருக வைத்தியரும் எலும்பு வேலையில் கை தேர்வதற்கு அதன் பிறகு பல ஆண்டுகள் இப்படிப் பழக வேண்டும். நான் பேரம் பேசியது அந்த ஆண்டுகளோடும்தான்.

இரண்டு மாதத்தில் பூனை மூட்டை மேல் ஏறிவிட்டது.

அதைப் பார்த்துப் பசறைப் பக்கத் தோட்டத்து வாடிக்கையாளர் ஒருவர், "எவ்வளவு முடிஞ்சுது முதலாளி?" என்று கேட்டார். பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் அவருடைய நாயின் கால் மாட்டி மூன்று நாளாம். தொகையைச் சொன்னேன். பேசாமல் மாவை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். கூப்பிட்டு நிறுத்தி, இரத்தம் ஓடாமல் செத்த காலை எடுத்துவிட்டாலும் நாய் பிழைக்கும், அதற்குத் தகடும் வேண்டாம், திருகாணியும் வேண்டாம், பதுளையிலேயே கேட்டுப் பாருங்கள் என்றேன். செலவுக்கான காசைக் கடன் கொப்பியில் எழுதிக் கொடுத்தேன்.

நாய் இப்போது மூன்று காலில் லயத்தைச் சுற்றி ஓடுகிறதாம். கடனில் பாதி வந்துவிட்டது.