சர்ரி ஹில்ஸில் காந்தாரி

சிட்னி சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில், சர்ரி ஹில்ஸ் பகுதியில் இருக்கிறது பெல்வோர் தெரு நாடக அரங்கு. முன்பு தக்காளி சாஸ் செய்த தொழிற்சாலை அது. 1984இல் கட்டடம் கைமாறிப் போய்விடும் என்ற நிலை வந்தபோது நடிகர்கள், எழுத்தாளர்கள், ரசிகர்கள் என்று அறுநூறு பேருக்கு மேல் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அதை வாங்கிக் காப்பாற்றினார்கள். பெரிய அரங்கமெல்லாம் இல்லை. இரண்டு சுவர்கள் கூடும் மூலைதான் மேடை. முன்வரிசையில் உட்கார்ந்தால் நடிகர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்.

ஆறு வருட இடைவெளியில் அந்த மூலைக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தியை ஆஸ்திரேலியாவில் பள்ளிக்குப் போன பெரும்பாலானோருக்குத் தெரியும். இன்னொருத்தியை நமக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

முதலாமவள் ஹென்றி லாசன் 1892இல் சிட்னியின் 'புல்லட்டின்' வார இதழில் எழுதிய சிறுகதையின் நாயகி. கதையின் பெயர் 'தி டிரோவர்ஸ் வைஃப்'. ஆட்டு மந்தையை மாதக்கணக்கில் தொலைதூரம் ஓட்டிப்போகும் தொழிலாளியின் மனைவி அவள். காட்டுக்கு நடுவில் ஒரு குடிசை, நான்கு குழந்தைகள், ஒரு நாய். ஒரு பாம்பு வீட்டுக்கடியில் புகுந்துவிடுகிறது. குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுக் கையில் தடியுடன் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள். கதை அவ்வளவுதான். அவளுக்குப் பெயர்கூட லாசன் வைக்கவில்லை. வைக்காததாலேயே அவள் வெள்ளை ஆஸ்திரேலியாவின் தாயாகிப்போனாள். 1945இல் ரஸ்ஸல் டிரைஸ்டேல் அதே தலைப்பில் ஓர் ஓவியம் வரைந்தார். 1975இல் மர்ரி பெயில் அந்த ஓவியத்தைப் பார்த்து இன்னொரு கதை எழுதினார். அவரவர் காலத்துக்கு ஒரு டிரோவர் மனைவி கிடைத்துக்கொண்டே இருந்தாள்.

லாசனின் கதையில் ஓரமாகக் கறுப்பர்கள் வந்துபோகிறார்கள். விறகு அடுக்கித் தருகிறேன் என்று சொல்லி, உள்ளே கோறையாக விட்டு ஏமாற்றிப் போகும் ஆதிக்குடி மனிதன் ஒருவன். பேறுகாலத்தில் தனியாகத் துடித்தவளுக்கு உதவ வரும் ஆதிக்குடிக் கிழவி மேரி இன்னொருத்தி. இருவருக்கும் சில வரிகளுக்கு மேல் இடமில்லை.

லியா பர்செல் ஆதிக்குடியைச் சேர்ந்த நடிகை, எழுத்தாளர். சிறுமியாக இருந்தபோது அவருடைய அம்மா இந்தக் கதையைத்தான் அவருக்கு வாசித்துக் காட்டுவாராம். 2016இல் பெல்வோர் அரங்கில் அவரே எழுதி அவரே நாயகியாக நின்றார். பெயரில்லாதவளுக்கு மோலி ஜான்சன் என்று பெயர் வந்தது. ஓரத்தில் நின்ற ஆதிக்குடி மனிதன் கழுத்தில் இரும்பு வளையத்தோடு மேடை நடுவுக்கு வந்தான். யடாக்கா என்ற பெயரோடு, தனக்கென ஒரு கதையோடு. தன் கொள்ளுத்தாத்தாவின் வாழ்க்கையிலிருந்து பர்செல் அவனுக்குச் சில இழைகளை எடுத்துக் கொடுத்திருந்தார். கணவன் ஏன் இன்னும் வரவில்லை என்ற கேள்விக்குக் கலங்கடிக்கும் ஒரு விடை வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேரி யார் என்பது தெரிந்தது. அவள்தான் மோலியைப் பெற்றவள். வெள்ளை ஆஸ்திரேலியா நூறு வருடத்துக்கு மேல் தன் தாய் என்று கொண்டாடியவளின் தாய், கறுப்புப் பெண்!

இது லாசனின் கதையைக் கெடுத்த வேலை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன். லாசனை எழுத்தெழுத்தாக அறிந்தவரால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது. பாம்பு, நாய், விறகு, மேரி என்று எல்லாம் லாசன் வைத்துவிட்டுப் போன பொருள்கள்தான். அவர் திறக்காத கதவைப் பர்செல் திறந்தார். அந்த நாடகம் 2017இல் விக்டோரியா மாநிலத்தின் மிக உயர்ந்த இலக்கியப் பரிசைப் பெற்றது. பிறகு 2019இல் நாவலானது. 2021இல் அவரே இயக்கி நடித்துத் திரைப்படமும் ஆனது.

இனி நம் ஆளுக்கு வருகிறேன்.

2022 இறுதியில் அதே மூலையில் 'தி ஜங்கிள் அண்ட் தி சீ' என்ற நாடகம் மேடையேறியது. எழுதி இயக்கியவர்கள் எஸ். சக்திதரனும் பெல்வோரின் கலை இயக்குநர் ஈமன் ஃப்ளாக்கும். சக்திதரன் சிட்னியில் வளர்ந்த ஈழத்தமிழர். 2019 ஜனவரியில் சிட்னி டவுன் ஹாலில் 'கவுண்ட்டிங் அண்ட் கிராக்கிங்' என்ற மூன்றரை மணி நேர நாடகத்தால் இந்த நாட்டு நாடக உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். 2024இல் அது மெல்பர்னுக்கும் நியூயார்க்குக்கும் போயிற்று. பர்செலுக்குக் கிடைத்த அதே விக்டோரியா பரிசு 2020இல் அந்த நாடகத்துக்கும் கிடைத்தது.

இரண்டாவது நாடகத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மூலங்கள் இரண்டு. மகாபாரதம் ஒன்று, சோஃபோக்ளிஸின் கிரேக்க நாடகம் 'அன்டிகனி' இன்னொன்று. போரில் சிதறிப்போன ஒரு தமிழ்க் குடும்பம். தாய் கௌரி கண்ணைத் துணியால் கட்டிக்கொள்கிறாள், குடும்பம் மறுபடி ஒன்றுசேரும்வரை அவிழ்ப்பதில்லை என்று. மகள் அபி, அன்டிகனியைப் போலவே, இறந்த சகோதரனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தே தீருவேன் என்று நிற்கிறாள். அபியாக நடித்தவர் காளீஸ்வரி ஸ்ரீனிவாசன். 2015இல் கான் விழாவின் தங்கப் பனை விருது பெற்ற 'தீபன்' படத்தின் நாயகி. கௌரியாக வந்தவர் ஆனந்தவல்லி, சிட்னியில் பல காலமாகப் பரதம் கற்றுக்கொடுத்து வருபவர். சக்திதரனைப் பெற்ற தாய். அம்மாவின் கண்ணை மகன் கட்டி மேடைக்கு அனுப்புகிறான் என்பதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

காந்தாரியைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டது என்ன? கணவனுக்குக் கண் தெரியாது என்று அறிந்ததும் தானும் கண்ணைக் கட்டிக்கொண்ட பதிவிரதை. அதோடு சரி. வென்ட்வொர்த்வில்லில் ஒரு நண்பர் வீட்டில் இந்தக் கதை வந்தபோது அவருடைய மகள், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள், அம்மம்மாவிடம் கேட்டாள்: "அவ ஏன் கட்டினவ? அந்த ஆளுக்கு இவவாவது பார்த்துச் சொல்லியிருக்கலாம்தானே?" அம்மம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கோவத்தில கட்டியிருப்பா பிள்ளை" என்றார். எந்த உரையாசிரியரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. மராத்திய அறிஞர் இராவதி கார்வே தன் 'யுகாந்தா'வில் அதே கோபத்தைத்தான் எழுதினார். கண்ணிருந்தும் ஏமாற்றிக் கட்டிக்கொடுக்கப்பட்ட ராஜகுமாரியின் கோபம் அது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் பரவலாகப் படிக்கப்பட்ட பாரதம் வில்லிபுத்தூரார் எழுதியது. அதில் பத்துப் பருவங்கள்தான். சௌப்திக பருவத்தோடு, அதாவது இரவுக் கொலைகளோடு, அது முடிந்துவிடுகிறது. வியாசரில் அதற்கு அடுத்து வருவது ஸ்திரீ பருவம். போர் ஓய்ந்தபின் பெண்கள் களத்துக்குள் நடந்து வருகிறார்கள். நரியும் கழுகும் இழுக்கும் உடல்களுக்கு நடுவில் எது தன் பிள்ளையுடையது, எது தன் கணவனுடையது என்று தேடுகிறார்கள். வியாசர் அளித்த ஞானக்கண்ணால் காந்தாரி அத்தனையையும் பார்க்கிறாள். நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை என்று கண்ணனையே சபிக்கிறாள். கட்டிய துணியின் அடியிலிருந்து அவள் பார்வை ஒரு கணம் தர்மனின் கால்விரல் நகத்தில் விழ, நகம் கருகிப்போகிறது. மகாபாரதத்தில் என்னை அதிகம் உலுக்கும் இடம் இந்த நகம்தான். வென்றவனின் உடம்பில் போர் விட்ட தழும்பு, ஒரு தாயின் கண்ணால் வந்தது.

இந்தப் பருவம் வில்லியில் இல்லை. கூத்துக்காரர்கள் இந்த இடத்தைச் சும்மா விடவில்லை என்பதும் உண்மை. வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தன்று, மண்ணால் கிடத்திய பெரிய துரியோதனன் உருவத்தின் பக்கத்தில் ஒப்பாரி எழுகிறது. ஊர்ப் பெண்களும் அழுகிறார்கள். ஆனால் ஏட்டுப் படிப்பில் வளர்ந்தவர்களுக்குப் பாரதம் என்றால் வெற்றியில் முடிகிற கதை. சக்திதரனும் ஃப்ளாக்கும் வில்லி நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது. கௌரி கண்ணைக் கட்டுவது கணவனுக்காக அல்ல. குடும்பம் சிதறிக் கிடக்கும்வரை உலகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். பதிவிரதத்தைப் போராட்டமாக மாற்றிவிட்டார்கள். துணி பழையதுதான், கட்டிய காரணம் புதிது. அந்தப் புதிய காரணம் ஈழத்துத் தாய்மாருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழைய பாத்திரத்தை எடுத்துத் திருப்பி எழுதுவது நமக்கு ஒன்றும் வெளிநாட்டுப் பழக்கம் அல்ல. 1943இல் புதுமைப்பித்தன் 'சாபவிமோசனம்' எழுதினார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் ராமன் என்று கேட்டதும், அவனால் மீண்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். புலவர் குழந்தை 1946இல் ராவணனைக் காப்பிய நாயகனாக்கினார்; அரசாங்கம் தடைசெய்தது; 1971இல்தான் தடை நீங்கியது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது, சி. மௌனகுருவின் 'இராவணேசன்' தன் வீழ்ச்சியைத் தானே அறிந்த மனிதனைக் காட்டியது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1985இல் யாழ்ப்பாணத்தில் 'மண் சுமந்த மேனியர்' எழுதினார். பிட்டுக்கு மண் சுமந்த சிவனின் பெயரைப் போர்க்காலத்து மக்கள்மேல் ஏற்றிவைத்த தலைப்பு அது.

முகத்தை மட்டும் மாற்றுவது இதிலிருந்து வேறு விஷயம். 2019இல் மெல்பர்ன் பிரின்சஸ் அரங்கில் 'ஹாரி பாட்டர் அண்ட் தி கர்ஸ்ட் சைல்ட்' தொடங்கியபோது ஹெர்மயனியாக வந்தவர் பவுலா அருண்டெல், கறுப்பின நடிகை. லண்டனில் 2016இல் நோமா டுமஸ்வேனி அந்த வேடம் ஏற்றபோது கிளம்பிய கூச்சல் பலருக்கு நினைவிருக்கும். எனக்கு அந்தத் தேர்வில் முழு மகிழ்ச்சி. டாண்டினாங்கிலிருந்து ரயில் ஏறிப் போய் அதைப் பார்த்த கறுப்பு, மாநிறப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அதே சமயம், அந்த நாடகத்தில் ஹெர்மயனி செய்வது எதுவும் அவள் நிறத்தால் மாறுவதில்லை. நாம் 'பொன்னியின் செல்வ'னில் பார்த்ததும் ஏறக்குறைய இதுதான். 1950இல் 'கல்கி'யில் தொடர் தொடங்கியபோது மணியம் வரைந்த நந்தினிதான் நந்தினி. பின்னால் தொடர் மறுபடி வந்தபோது வினு, பத்மவாசன் என்று வேறு கைகள் வரைந்தன. 2022இல் ஐஸ்வர்யா ராய் வந்தார். ஒவ்வொரு தலைமுறையும் தன் நந்தினிதான் சரி என்று வாதாடியது. முகம் மாறினால் நாம் சண்டை போடுகிறோம். கொஞ்ச நாளில் பழகிவிடுகிறோம். பர்செலின் மோலியை அப்படிப் பழகிக் கடந்துவிட முடியாது. அவளைப் பார்த்தபின் லாசனைத் திரும்பப் படித்தால், மேரி வரும் அந்தச் சில வரிகளில் கண் நின்றுவிடுகிறது.

ஆஸ்திரேலியத் தமிழ்ப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களில் இன்றும் சிலம்பை உடைக்கும் கண்ணகிதான் வருகிறாள். அதே வசனம், அதே முழக்கம். பிள்ளைகள் அர்த்தம் பாதி தெரிந்தும் தெரியாமலும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். உச்சரிப்புக்குக் கைதட்டு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வேலை முடிந்து வந்து, வாரயிறுதியைக் கொடுத்துப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களின் உழைப்பு அது. ஆனால் ஒரு முறையாவது பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முல்லைத்தீவு வற்றாப்பளையில் அதே கண்ணகி அம்மனாக இருக்கிறாள். சிங்களவருக்கு அவளே பத்தினி தெய்வம். மதுரையை எரித்தவளை இரண்டு பக்கமும் கும்பிடும் தீவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், அவளிடம் என்ன கேட்பார்கள்? எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. ஆங்கிலம் கலந்த தமிழில் கேட்டாலும் சரி.

சக்திதரனின் நாடகத்தை ஒரு நாள் யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில் தமிழில் பார்க்க வேண்டும் என்பது என் இன்னொரு ஆசை. சிட்னியில் அன்டிகனியை அறிந்தவர்களுக்குக் காந்தாரி யார் என்று விளக்க வேண்டியிருக்கும். அங்கே காந்தாரிக்கு விளக்கம் வேண்டாம். பெயரளவில் அன்டிகனிதான் புதியவள். மாவீரர் துயிலும் இல்லங்களின் கல்லறைகள் புல்டோசரால் இடிக்கப்பட்டதைப் பார்த்த மண் அது. 2017 பிப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு கிளிநொச்சித் தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரின் மண். கூடப்பிறந்தவனுக்கு ஒரு பிடி மண் போட விடு என்று அபி கேட்கும்போது, முன்வரிசையில் இருக்கும் அந்தத் தாய்மார் அவளுக்கு வசனம் எடுத்துக் கொடுப்பார்கள்.